அம்மாவால் முடிவெடுக்க முடியுமா? வாசகர் சட்டக் கேள்விகள்

இம்முறை வந்த கடிதங்களில் குடும்பத் தகராறும் மனத்திறன் பிரச்சினையும் பின்னிக் கிடப்பவற்றை எடுத்துக்கொண்டோம். பதில்கள் இங்கிலாந்து, வேல்ஸ் சட்டப்படி. ஸ்காட்லாந்துக்கு 2000ஆம் ஆண்டின் தனிச் சட்டம் உண்டு. கிளாஸ்கோ வாசகர்கள் இவற்றை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம்.

*அம்மாவுக்கு 79 வயது, டிமென்ஷியா. சோஷியல் வேர்க்கர் வீட்டுக்கு வந்து அரை மணித்தியாலம் கதைத்தார். எங்கே வாழ்வது என்று முடிவெடுக்கும் திறன் அம்மாவுக்கு இல்லை என்று எழுதிவிட்டார். என் மகள்தான் மொழிபெயர்த்தாள். கெயார் ஹோமுக்கு அனுப்பப் பார்க்கிறார்கள். எதிர்க்க முடியுமா? – வாசகி, ஹாரோ*

முடியும். இப்படி ஒரு வழக்கு கோர்ட்டில் வாதாடும் வழக்கறிஞரான பாரிஸ்டரிடம் போனால், அவர் முதலில் கையில் எடுப்பது அந்த மதிப்பீட்டு அறிக்கையைத்தான். தோற்பதும் ஜெயிப்பதும் பெரும்பாலும் அதில்தான் இருக்கிறது.

2005ஆம் ஆண்டின் மனத்திறன் சட்டம் ‘இவருக்குத் திறன் உண்டா, இல்லையா’ என்று மொத்தமாகக் கேட்பதில்லை. இந்த ஒரு முடிவை, இந்த நேரத்தில், இவரால் எடுக்க முடியுமா என்றுதான் கேட்கிறது. அதற்கான தகவலைப் புரிந்துகொள்ள வேண்டும், மனதில் வைத்திருக்க வேண்டும், சீர்தூக்கிப் பார்க்க வேண்டும், முடிவை எப்படியாவது தெரிவிக்க வேண்டும். நாலில் ஒன்று முடியாமல் போய், அதற்குக் காரணம் மூளையின் அல்லது மனதின் பாதிப்பாக இருந்தால்தான் திறன் இல்லை என்றாகும். கொஞ்ச நேரம் நினைவில் நின்றாலே போதும். மறுநாள் மறந்துவிட்டார் என்பது மட்டும் குற்றமில்லை. முதலில் முடிவெடுக்க முடிகிறதா என்று பார்க்க வேண்டும், பிறகுதான் நோய்க்கும் அதற்கும் உள்ள தொடர்பு. இந்த வரிசையை 2021இல் உச்ச நீதிமன்றமே தெளிவாகச் சொன்னது. அப்படியிருந்தும் ‘டிமென்ஷியா இருக்கிறது, ஆகவே திறன் இல்லை’ என்று தலைகீழாக எழுதும் அறிக்கைகள் வந்துகொண்டுதான் இருக்கின்றன.

உங்கள் அம்மாவின் அறிக்கையில் இவற்றைத் தேடுங்கள். வீட்டில் இருந்தால் ஒரு நாளைக்கு எத்தனை தடவை கெயாரர் வருவார், இரவில் யார் இருப்பார், ஹோம் என்றால் எது, எவ்வளவு தூரம் – இதெல்லாம் அம்மாவிடம் சொல்லப்பட்டதா? சொல்லாத ஒன்றை அவருக்குப் புரியவில்லை என்று எழுத முடியாது. பிரதமர் யார், இன்றைக்கு என்ன கிழமை என்பவை நினைவாற்றல் சோதனைகள். சட்டத்தின் அளவுகோல் அதுவல்ல. சிறுநீர்த் தொற்று இருந்த வாரமா? பொழுது சாயும்போது குழப்பம் கூடுகிறவரை மாலை ஆறு மணிக்குப் பார்த்தார்களா?

மொழி இங்கே பெரிய ஓட்டை. பேத்தி மொழிபெயர்த்தால் அம்மம்மாவின் பதிலைச் சுருக்குவாள், சிலதை மென்மையாக்குவாள், சிலதை வெட்கத்தில் விட்டுவிடுவாள். நம் வயதானவர்களிடம் இன்னொன்றும் உண்டு: எதைக் கேட்டாலும் ‘ஓம் ஓம்’ என்பார்கள், இல்லாவிட்டால் ‘எல்லாம் மகன் பாத்துக்கொள்ளுவான்’ என்பார்கள். முன்னது மரியாதை, பின்னது வாழ்நாள் பழக்கம். மதிப்பிட வந்தவர் இரண்டையும் ‘சீர்தூக்க முடியவில்லை’ என்று பதிந்துவிடுவார். கணவரோ மகனோ எப்போதும் முடிவெடுத்த வீட்டில் அம்மா முன்பும் அப்படித்தான் சொல்லியிருப்பார் என்பதைச் சாட்சி அறிக்கையில் உதாரணங்களோடு எழுதுங்கள். குறுக்கு விசாரணைக்கு அது நல்ல சரக்கு.

செய்ய வேண்டியது: அறிக்கையோடு அன்று எடுத்த குறிப்புகளையும் எழுத்தில் கேளுங்கள். குடும்பத்துக்கு வெளியே உள்ள மொழிபெயர்ப்பாளரோடு மறு மதிப்பீடு கேளுங்கள். அதற்குள் ஹோமில் சேர்த்து, சுதந்திரத்தைக் கட்டுப்படுத்தும் அனுமதியும் எடுத்துவிட்டால் சட்டத்தின் 21ஏ பிரிவில், திறன் இழந்தவர்களின் விஷயங்களைத் தீர்மானிக்கும் நீதிமன்றமான கோர்ட் ஆஃப் புரொடெக்ஷனுக்குப் போகலாம். அந்த வழக்கில் அம்மாவுக்கு வருமானம் பாராமல் லீகல் எய்ட் கிடைக்கும்.

ஒன்றை மட்டும் முன்கூட்டியே தெரிந்துகொள்ளுங்கள். திறன் இல்லை என்று முடிவானால் நீதிபதி அம்மாவின் விருப்பத்தையும் எடைபோட்டு நலனைத் தீர்மானிப்பார். ஆனால் கைவசம் இருக்கும் தெரிவுகளில் இருந்துதான். கவுன்சில் பணம் கொடுக்க மறுக்கும் 24 மணி நேரப் பராமரிப்பைக் கொடு என்று அவர் கட்டளையிட முடியாது. 2017இல் உச்ச நீதிமன்றம் அப்படித்தான் தீர்த்தது. ஆகவே வீட்டுப் பராமரிப்புத் திட்டத்தைப் பற்றிய பேச்சை முதல் வாரத்திலேயே தொடங்குங்கள்.

*அம்மா பவர் ஆஃப் அட்டர்னி எழுதவில்லை. பாங்க் கணக்கு முடங்கிவிட்டது. அக்காவும் நானும் ஒத்துப்போவதில்லை. அடுத்து என்ன? – வாசகர், ஈஸ்ட் ஹாம்*

அம்மாவுக்கு ஆரம்பக் கட்ட மறதிதான் என்றால், எல்.பி.ஏ. (திறன் இழந்த பிறகும் செல்லும் பவர் ஆஃப் அட்டர்னி) எழுதும் திறன் இன்னும் இருக்கலாம். முதலில் அதைப் பாருங்கள். யாருக்கு என்ன அதிகாரம் கொடுக்கிறோம் என்று அவர் புரிந்துகொண்டால் போதும், கணக்கு வழக்கு முழுவதும் தெரிய வேண்டியதில்லை. சொத்துக்கு ஒன்று, உடல்நலத்துக்கு ஒன்று என இரண்டு பத்திரம். ஊரில் எழுதிய சாதாரண அற்றோணித் தத்துவத்தை நம்பி இங்கே இருக்காதீர்கள். இங்கிலாந்துச் சட்டத்தில் சாதாரணப் பத்திரம், கொடுத்தவர் திறன் இழந்ததும் செத்துவிடும்.

வருவது அரச ஓய்வூதியமும் உதவிப்பணமும் மட்டுமென்றால் கோர்ட்டே வேண்டாம், உதவிப்பணத்தைக் கவனிக்கும் அரசுத் துறையான டி.டபிள்யூ.பி.யிடம் ‘அப்பாயிண்டி’, அதாவது அம்மா சார்பில் அந்தப் பணத்தைப் பெறுபவர், ஆகலாம். வீடோ சேமிப்போ இருந்தால்தான் டெப்யூட்டி மனு: அம்மா சார்பில் முடிவெடுக்க ஒருவரை கோர்ட் ஆஃப் புரொடெக்ஷன் நியமிப்பது. சி.ஓ.பி. 1, 1ஏ, 3, 4 ஆகிய படிவங்கள். சி.ஓ.பி. 3தான் திறன் மதிப்பீடு. தாமதத்துக்கு வழக்கமான காரணமும் அதுவே. டாக்டர் ‘பொதுவாகத் திறன் இல்லை’ என்று ஒரு வரி எழுதிக் கொடுப்பார், கோர்ட் திருப்பி அனுப்பும். அம்மாவுக்கும் நெருங்கிய குறைந்தது 3 பேருக்கும் அறிவிக்க வேண்டும். நியமனத்துக்கு முன் அம்மாவின் பணத்துக்குப் பாதுகாப்பாகப் பிணைக் காப்பீடு, பிறகு வருடாவருடம் கணக்கு அறிக்கை.

அக்கா ஆட்சேபித்தால் வழக்கு தகராறு தீர்வு விசாரணைக்குப் போகும். அங்கே ஒரு நீதிபதி தன் கருத்தைச் சொல்வார்; சமரசமாகாவிட்டால் வேறொருவர்தான் கடைசி விசாரணை நடத்துவார். சொத்து வழக்கில் செலவு பொதுவாக அம்மாவின் பணத்திலிருந்தே போகும், நலன் வழக்கில் அவரவர் கையிலிருந்து. நடத்தை மோசமானால் நீதிபதி இதை மாற்றுவார். அண்ணன் தங்கை, அக்கா தம்பி சண்டை முற்றினால் இருவரையும் விலக்கி, தொழில்முறை டெப்யூட்டியை நியமிப்பதும் உண்டு. அவருடைய மணித்தியாலக் கட்டணமும் அம்மாவின் கணக்கில்தான். இப்படிப் பெற்றோரின் வீட்டைத் தின்ற வழக்குகள் குறைவில்லை. அக்காவோடு ஒரு பொது நிபந்தனைப் பட்டியலில் உடன்பட்டுச் சேர்ந்து விண்ணப்பிப்பதே எங்கள் சிபாரிசு.

*29 வயது மகனுக்குக் கற்றல் குறைபாடு. எங்களுக்குப் பிறகு ஒருத்தி பார்த்துக்கொள்ள வேண்டுமே என்று யாழ்ப்பாணத்தில் பெண் பேசியிருக்கிறோம். பெற்றோர் சம்மதம் போதாதா? – பெற்றோர், குரோய்டன்*

போதாது. கவலை புரிகிறது, ஆனால் இது ஆபத்தான வழி. திருமணத்துக்கும் உடலுறவுக்கும் இன்னொருவர் சார்பில் சம்மதிக்க யாருக்கும் அதிகாரமில்லை, நீதிபதிக்கும் இல்லை. சட்டத்தின் 27ஆம் பிரிவு அதைத் தடுக்கிறது.

2014ஆம் ஆண்டின் சட்டப்படி கட்டாயத் திருமணம் 7 ஆண்டு வரை சிறைக்குரிய குற்றம். அடி, மிரட்டல் எதுவும் இல்லாவிட்டாலும், சம்மதிக்கும் திறன் இல்லாதவரை மணம் முடித்து வைக்கச் செய்யும் எந்தக் காரியமும் அதில் அடங்கும். தாலி கட்டுவது யாழ்ப்பாணத்தில் என்பதால் தப்ப முடியாது. கவுன்சில் அறிந்தால் பாதுகாப்பு உத்தரவு கேட்டு, பாஸ்போர்ட்டையும் வாங்கி வைக்கும்.

மறுபக்கமும் உண்டு. திருமணத்துக்கான அளவுகோல் தாழ்வானது. 2004 ஷெஃபீல்ட் வழக்கில் திருமண ஒப்பந்தம் எளிதில் புரியக்கூடியது என்றே நீதிமன்றம் சொன்னது. லேசான குறைபாடு உள்ள மகனுக்குத் திறன் இருக்கவும் கூடும். அப்படியானால் தெரிவும் அவருடையதே. சுயாதீன உளவியலாளரின் மதிப்பீடு கைக்கு வரும்வரை மண்டபம் பதிவு செய்யாதீர்கள். உங்களுக்குப் பிந்திய பராமரிப்புதான் உண்மையான கேள்வி என்றால், கவுன்சிலின் பராமரிப்புத் திட்டமும் மகனுக்கென ஒரு டிரஸ்ட் உயிலும் அதற்கு நேரான பதில்.

*கணவருக்குப் பக்கவாதம், பேச்சும் தடுமாற்றம். பல வருடமாகப் பிரிந்து வாழ்கிறோம். விவாகரத்துக் கேட்டால் அவர் சார்பில் யார் கையெழுத்திடுவது? – பெயர் வேண்டாம், பேர்மிங்ஹாம்*

பேச்சுத் தடுமாற்றம் திறனின்மை அல்ல. தலையசைத்தோ படம் காட்டியோ தெரிவிக்க முடிந்தால் அவரே வழக்கை நடத்தலாம். உதவிக்கு இன்டர்மீடியரி (கோர்ட்டில் தொடர்பாடலுக்கு உதவுபவர்) கேட்கலாம். வழக்கு நடத்தும் திறனே இல்லையென்றால் குடும்ப நடைமுறை விதிகளின் 15ஆம் பகுதிப்படி அவர் சார்பில் வழக்கை நடத்தும் ‘லிட்டிகேஷன் ஃப்ரெண்ட்’ ஒருவர் வேண்டும். நலன் மோதுவதால் நீங்கள் ஆக முடியாது. அவருடைய சகோதரர் முன்வரலாம். யாருமே இல்லாவிட்டால் கடைசியாக, இப்படிப்பட்டவர்களுக்காக முன்வரும் அரச அதிகாரியான அஃபிஷியல் சொலிசிட்டர், அதுவும் அவருடைய செலவுக்கு வழி காட்டினால்.

பலர் சறுக்கும் இடம் இது: விண்ணப்பம் போடலாம், ஆனால் லிட்டிகேஷன் ஃப்ரெண்ட் வருவதற்கு முன் கோர்ட் அனுமதியில்லாமல் எடுக்கும் மற்ற நடவடிக்கைகள் செல்லாது. விண்ணப்பம் வழங்கப்பட்டு 20 வாரத்துக்குப் பிறகு நிபந்தனை உத்தரவு, அதிலிருந்து 6 வாரமும் ஒரு நாளும் கழித்து விவாகரத்தை முடிக்கும் இறுதி உத்தரவு என்ற 2022 கணக்கை நம்பித் தேதி குறித்துவிட்டு, பிறகு எல்லாவற்றையும் மறுபடி தொடங்குகிறார்கள். சந்தேகம் இருந்தால் மருத்துவச் சான்றை முதலிலேயே கேளுங்கள்.

பணப் பங்கீட்டுக்கு இருவரும் சொத்து விவரப் படிவமான ஃபார்ம் ஈ நிரப்ப வேண்டும்: 12 மாத பாங்க் ஸ்டேட்மெண்ட், பென்ஷன் மதிப்பு, ஊர்க் காணி, லாக்கர் நகை எல்லாம். இலங்கைக் காணியைக் கோர்ட் கண்டுபிடிக்காது என்ற நம்பிக்கை வேண்டாம்; பழைய ஸ்டேட்மெண்டில் ஊருக்குப் போன பணமே காட்டிக்கொடுக்கும்.

*சொலிசிட்டர் இல்லாமல் நேராக பாரிஸ்டரிடம் போகலாமா? – வாசகர், ஸ்லவ்*

2004 முதல் பொதுமக்களுக்கும் அந்த வழி திறந்திருக்கிறது, அதற்கான பயிற்சி முடித்தவரிடம். ஆலோசனை சொல்வார், ஆவணம் வரைவார், வாதாடுவார். உங்கள் பணத்தைக் கையில் வைத்திருக்க மாட்டார். தனி அனுமதி பெற்றவராக இல்லாவிட்டால் மனுத் தாக்கல், எதிர்த்தரப்புக்குக் கடிதம் எல்லாம் உங்கள் தலையில். குழந்தைகள் தொடர்பான ஒரு நாள் விசாரணைக்கு இது சிக்கனம். மனத்திறன் வழக்குக்கு நாங்கள் சொல்ல மாட்டோம்: நிபுணருக்கு அறிவுறுத்தல், மருத்துவப் பதிவுகள், தரப்பினரிடையே நாள்தோறும் மின்னஞ்சல் என்று போகும், அதற்கு சொலிசிட்டர் வேண்டும். லீகல் எய்டும் அவர் வழியாகத்தான்.

நேராகப் போவதென்றால் ஆவணக் கட்டைத் தேதி வரிசையில் அடுக்கி, பக்க எண் போட்டுக் கொடுங்கள். குடும்ப நீதிமன்றத்தில் நீதிபதியின் அனுமதியின்றி 350 பக்கத்தைத் தாண்டக் கூடாது; வாட்ஸ்அப் ஸ்கிரீன்ஷாட்டில் முக்கியமான பத்தைப் பொறுக்குங்கள், நானூறும் வேண்டாம். கட்டணத்தை பாரிஸ்டரின் அலுவலகமான சேம்பரின் கிளார்க்கிடம் பேசி, எந்த வேலைக்கு எவ்வளவு என்று எழுத்தில் வாங்குங்கள். விசாரணை தள்ளிப்போனால் கட்டிய பணம் திரும்புமா என்பதையும் அந்தக் கடிதத்திலேயே கேட்டுவிடுங்கள்.