கச்சான் காற்று எழும்புமுன் கரைக்கு வந்துவிடுங்கள்
வாசகர் கேள்விகளுக்குக் கல்லடியைச் சேர்ந்த பயண வழிகாட்டியின் பதில்கள்

கேள்வி: உயர்தரம் எழுதிவிட்டு வீட்டில் இருக்கும் மகன், அறுகம்பைக்குப் போய் அலைச்சறுக்குப் பழகப்போவதாக ஒற்றைக்காலில் நிற்கிறான். குளத்தில் நன்றாக நீந்துவான். அனுப்பலாமா?
- களுவாஞ்சிகுடி வாசகி

அனுப்புங்கள் அக்கா. ஆனால் எந்த மாதம் என்று எழுதவில்லையே! அங்கே அலை ஒழுங்காக வருவது சித்திரைக்குப் பிறகு, ஐப்பசி தொடங்கும்வரை. வாடைக்காற்றோடு குமுறுகிற மார்கழிக் கடல் பழகுகிறவனுக்கு ஆகாது.

குளத்து நீச்சல் மட்டும் போதாது. குளம் யாரையும் எங்கேயும் கூட்டிப்போவதில்லை, கடல் கூட்டிப்போகும். இழுப்பில் அகப்பட்டால் கரையைப் பார்த்து நீந்திக் களைக்கக்கூடாது. கரையோரத்துக்குச் சமாந்தரமாக நீந்தி, முதலில் இழுப்பைவிட்டு வெளியே வரவேண்டும். இதை வீட்டிலேயே சொல்லி அனுப்புங்கள்.

புதியவர்களுக்கு 'பேபி பொயின்ற்' இருக்கிறது. 'மெயின் பொயின்ற்' பக்கம் இப்போதைக்கு வேண்டாம், அங்கே அலை உடைவது கடலடிப் பாறைக்கு மேலே. நான் மீன்பிடிக் குடும்பம், கடலைப் பற்றி எனக்கு யார் சொல்லவேண்டும் என்ற மிதப்பில் முப்பத்தெட்டு வயதில், பழகத் தொடங்கிய இரண்டாம் நாளே அங்கே போனேன். பலகையிலிருந்து விழுந்ததும் காலை ஊன்றினேன். கடல் முள்ளி! குதிக்காலில் கறுப்புக் கறுப்பாகப் பதினொரு முள். எண்ணியது என் மனைவி, கையில் ஊசியோடு. ஆகவே தம்பிக்குச் சொல்லுங்கள்: விழுந்தால் தட்டையாக விழவேண்டும், அடி தெரியாத இடத்தில் கால் ஊன்றக்கூடாது.

கேள்வி: ஆடி மாதம் கனடாவிலிருந்து மாமியின் பிள்ளைகள் வருகிறார்கள். காலையில் 'ஹேர்மிஸ்' கப்பலைச் சுழியோடிப் பார்த்துவிட்டு, அன்றிரவே எல்ல போய் மலையேறி, பிறகு கித்துல்கலவில் ராஃப்டிங் என்று திட்டம். சரிவருமா?
- மட்டக்களப்பு வாசகர்

சரிவராது தம்பி. மூன்றும் நல்ல இடங்கள்தான், ஒழுங்குதான் ஆபத்து.

ஆழத்தில் மூச்செடுக்கும்போது காற்றிலுள்ள நைதரசன் இரத்தத்திலும் தசையிலும் கரைந்துவிடும். அது மெதுவாக வெளியேற நேரம் கொடுக்கவேண்டும். அதற்குள் உயரத்துக்குப் போனால், திறந்த சோடாப் போத்தல் மாதிரி உடம்புக்குள் குமிழி கட்டும். விமானம் ஏறக்கூடாது என்று எல்லோருக்கும் தெரியும். ஆனால் நம் நாட்டில் விமானம் இல்லாமலே, மட்டக்களப்புக் கரையிலிருந்து வாகனத்தில் ஏறி ஒரு பகலுக்குள் ஆயிரம் மீற்றர் உயரத்து எல்லவுக்குப் போய்விடலாம். அதை யாரும் யோசிப்பதில்லை. சுழியோடிய பிறகு ஒரு முழுநாள் கரையிலேயே இருங்கள். பாசிக்குடாவில் காலை நீட்டிக் கிடக்கட்டும். இல்லையென்றால் எல்லவை முதலில் முடித்துவிட்டு இறங்கி வரட்டும்.

இன்னொன்று. ஹேர்மிஸ், 1942 ஏப்ரல் 9 அன்று யப்பானிய விமானங்கள் மூழ்கடித்த விமானந்தாங்கிக் கப்பல். கிடப்பது ஐம்பது மீற்றருக்கும் கீழே. ஆரம்பநிலைச் சுழியோடியின் தகைமை அட்டைக்கு எல்லை 18 மீற்றர். பொழுதுபோக்குச் சுழியோடலுக்கே 40தான் உச்சம். பிள்ளைகளிடம் என்ன அட்டை இருக்கிறது என்று முதலில் கேளுங்கள். அட்டையைப் பார்க்காமலே 'வாங்க, காட்டுறேன்' என்று படகை இறக்குகிறவரோடு போகவேண்டாம்.

கித்துல்கலவைப் பொறுத்தவரை, ஆடியில் இங்கே முற்றம் கொதிக்கும், அங்கே மழைக்காலம். களனி கங்கையில் வெள்ளம் ஏறினால் ராஃப்டிங் படகை இறக்கமாட்டார்கள். ஒரு நாளைக் கையிருப்பில் வைத்திருங்கள்.

கேள்வி: நீந்தத் தெரியாது. தோழிகளோடு வாவியில் கயாக் ஓட்ட ஆசை. முடியுமா?
- காத்தான்குடி வாசகி

தாராளமாக, தங்கச்சி. உயிர்காப்பு அங்கியின் பட்டியை இறுக்கிய பிறகு, தோள்பக்கம் பிடித்துத் தூக்கிப் பார்க்கச் சொல்லுங்கள். அங்கி காதுவரை ஏறினால் அளவு பெரிது, மாற்றிக் கேளுங்கள். முந்தானைத் துணியை அங்கிக்கு உள்ளே சொருகிவிடுங்கள். கண்டல் பற்றைக்குள் நுழையவேண்டாம், முதலை உண்டு.

காலை ஆறரைக்கு இறங்கினால் ஒன்பதரைக்கு ஏறிவிடுங்கள். ஆனி, ஆடியில் பத்து மணிக்குக் கச்சான் எழும்பினால் தண்ணீர் சுருக்கம் சுருக்கமாக வரும். போகும்போது சுகமாகத் தள்ளிக்கொண்டு போகிற அதே காற்று, திரும்பும்போது முகத்தில் அறையும். எத்தனையோ பேரைக் கயிறு கட்டி இழுத்து வந்திருக்கிறேன். ஒருமுறை ஒரு வங்கி மனேஜரையும்.

பாடும் மீனைக் கேட்கவேண்டுமென்றால் நிலவுள்ள அமைதியான இரவில், துணையோடு, கல்லடிப் பாலத்தருகே தோணியில் போங்கள். துடுப்பின் ஒரு முனையைத் தண்ணீரில் வைத்து மறுமுனையில் காதை வையுங்கள். மூச்சையும் கொஞ்சம் அடக்கவேண்டும்.

கேள்வி: உகந்தைமலைப் பக்கம் காட்டோரம் கூடாரம் போட்டுத் தூங்கலாமா?
- அக்கரைப்பற்று வாசகர்

யானைப்பாதையிலா? வேண்டாம். கதிர்காமப் பாதயாத்திரைக்குக் குமண வழி திறக்கும் நாட்களில் கூட்டத்தோடு நடந்து பாருங்கள். என் அம்மா அரிசியும் தேங்காயும் தலையில் வைத்துக்கொண்டு வெறுங்காலோடு நடந்த வழி அது. நீங்கள் சப்பாத்துப் போடலாம், தண்ணீரை மட்டும் குறைத்துக்கொண்டு போகாதீர்கள்.