ஒளித்திறனைக் கூட்டினால் கொள்ளளவு குறையுமா?

மதுரையில் முதுநிலைப் பொறியியல் பயிலும் வாசகி ஒருவரின் கேள்வி: “மதுரை–சென்னை ஒளியிழைத் தடத்தை 80 கிலோமீட்டர் வீதம் ஆறு ஸ்பான்களாக (இரு பெருக்கிகளுக்கு இடைப்பட்ட துண்டுகளாக)ப் பிரித்துக் கணித்தேன். சிக்னல்–இரைச்சல் விகிதத்திலிருந்து கொள்ளளவைத் தரும் ஷானன் வாய்பாட்டை மட்டும் இட்டால், ஒளித்திறனைக் கூட்டக் கூட்டக் கொள்ளளவு, அதாவது பிழையின்றி அனுப்பத்தக்க உச்சத் தரவு வீதம், ஏறிக்கொண்டே போகிறது; நேரியல்பற்ற விளைவைச் சேர்த்தால் உச்சம் தொட்டு இறங்கிவிடுகிறது. ஆய்வறிக்கையில் எதைக் கொள்ளளவு என்று எழுதுவது?”

இரண்டில் எதையும் அப்படி எழுத வேண்டாம். ஏறும் கோட்டை மேல் வரம்பு என்றும், இறங்கும் கோட்டை ஒரு குறிப்பிட்ட ஏற்பிக்கு (சிக்னலைப் பெற்றுப் படிக்கும் கருவிக்கு) எட்டும் வீதம் என்றும் எழுதுங்கள்.

ஷானன் 1948-இல் தந்த வாய்பாட்டில் இரைச்சல் சிக்னலைச் சார்ந்ததன்று. ஒளியிழையிலோ, செறிவுக்கேற்பக் கண்ணாடியின் ஒளிவிலகல் எண்ணே மாறும் கெர் என்னும் நேரியல்பற்ற விளைவால், சிக்னல் தன்னையும் அதே இழையில் பக்கத்து அலைநீளங்களில் செல்லும் சிக்னல்களையும் குலைக்கிறது. கிலோமீட்டருக்கு 0.2 டெசிபெல் இழப்பு எனில் ஒரு ஸ்பானில் 16 டெசிபெல் போய்விடும். அதை ஈடுகட்டும் எர்பியம் பெருக்கி ஒவ்வொன்றும் தன் பங்குக்கு இரைச்சலைச் சேர்க்கும். தாங்கள் பயன்படுத்தியிருக்கும் காஸியன் இரைச்சல் மாதிரி, கெர் குலைவையும் கூடுதல் இரைச்சலாகவே கருதி, அது ஒளித்திறனின் மும்மடிக்கு நேர்விகிதத்தில் வளர்வதாகக் கொள்கிறது.

இதிலிருந்து கிடைக்கும் விதி எளியது: குலைவு, பெருக்கி இரைச்சலில் சரிபாதியாக இருக்கும் இடமே உச்சம். பெருக்கி இரைச்சலை 1 என்றால் அங்கே மொத்தம் 1.5, அதற்கு மேல் ஒளித்திறனை இருமடங்காக்கினால் குலைவு எட்டு மடங்காகி, அதாவது 4 ஆகி, மொத்தம் 5 ஆகிவிடும். சிக்னல்–இரைச்சல் விகிதம் 0.6 மடங்காகச் சரிய, ஒவ்வொரு முனைவாக்கத்திலும் (ஒளி அலையின் அதிர்வுத் திசையிலும்) குறியீடு ஒன்றுக்குச் சுமார் 0.7 பிட் பறிபோகும். தங்கள் வரைபடத்தின் சரிவு இந்த அளவில் வருகிறதா என்று முதலில் பாருங்கள். வராவிட்டால் நிரலில்தான் பிழை.

ஆனால் கொள்ளளவு என்பது, அனுமதித்த ஒளித்திறனுக்குள் எல்லா உள்ளீட்டுப் பரவல்களிலும் எட்டத்தக்க உச்ச வீதம். கூடுதல் திறன் தீங்கென்றால் அனுப்புநர் குறைத்து அனுப்பிக்கொள்ளலாம். ஆகவே, பிற அலைநீளங்களின் திறன் மாறாதவரை, கொள்ளளவு குறைய வழியே இல்லை. சித்திரைத் திருவிழாவில் பக்கத்துப் பந்தல்கள் எல்லாம் ஒலிபெருக்கியைக் கூட்டிவிட்டால் நம் பந்தலில் மட்டும் குறைத்துப் பயனில்லை அல்லவா; அதுபோல, பிற அலைநீளங்களும் சேர்ந்தே திறன் கூட்டுவதாகக் கொண்டால் விடை மாறிவிடும். பலரும் சொல்லாமல் விடும் இந்த அனுமானத்தை அறிக்கையில் கட்டாயம் சொல்லுங்கள்.

ஏறும் கோடு மேல் வரம்பு என்பதற்கும் ஆதாரமுண்டு: ஒளியிழையில் சிக்னல் செல்லும் விதத்தை விவரிப்பதும், இரைச்சல் தடம் நெடுகப் பரவிச் சேர்வதுமான நேரியல்பற்ற ஷ்ரோடிங்கர் சமன்பாட்டு மாதிரிக்கு அதை 2015-இல் கெர்ஹார்ட் கிராமரும் உடன் ஆய்வாளர்களும் நிறுவினர். உண்மைக் கொள்ளளவு இரு கோடுகளுக்கும் இடையில் எங்கோ இருக்கிறது. குலைவை இரைச்சலாகத் தள்ளாமல் பின்னோக்கிக் கணித்து நீக்கும் ஏற்பி, கீழ்க்கோட்டைச் சற்று உயர்த்தும். பக்கத்து அலைநீளங்களின் தரவு அதற்குத் தெரியாததால் முழுக்க உயர்த்தாது.

தாங்கள் கியூபிஎஸ்கே (ஒளியலையின் நான்கு கட்டங்களில் தரவை ஏற்றும்) பண்பேற்றம் எடுத்திருந்தால், சிக்னலையே மணிவடிவக் காஸியன் பரவல் எனக் கொள்ளும் காஸியன் இரைச்சல் மாதிரி குலைவை மிகைப்படுத்தும் என்பதால், உச்சத்துக்கு இருபுறமும் ஓரிரு திறன் அளவுகளில் ஸ்பிளிட்-ஸ்டெப் உருவகப்படுத்தலோடு (இழையைச் சிறு சிறு துண்டுகளாக்கிக் கணிக்கும் முறையோடு) ஒப்பிட்டு, வேறுபாட்டை அதே வரைபடத்தில் புள்ளிகளாகக் குறித்துவிடுங்கள்.