படலைவரை கொண்டுவந்து விடும் ஊர்

கேள்வி: அமெரிக்க நாவலாசிரியர் ஜே. டி. சாலிஞ்சர் 2010 ஜனவரி 27ஆம் திகதி இறந்துவிட்டார். 1965க்குப் பிறகு ஒன்றுமே வெளியிடாதவருக்கு இவ்வளவு அழுகை ஏன், சேர்?
– வாசகி, கல்முனை

பதில்: நான் அழவில்லை, மகள். 91 வயது, நிறைவான சாவு. ஆனாலும் அன்றிரவு அலுமாரியைத் திறந்து, 1951இல் வந்த அவருடைய ஒரே நாவலான ‘தி கேட்சர் இன் த ரை’யை எடுத்தேன். 1978 நவம்பர் சூறாவளியில் எங்கள் கூரை பறந்தபோது நனைந்த பிரதி. தாள்கள் அப்பளம்போல் நெளிந்து கிடக்கின்றன. அதில் ஹோல்டன் என்ற பையன் பெரியவர்களின் போலித்தனத்தைத் திட்டித் தீர்க்கிறான். இருபது வயதில் அவன் நான்தான் என்று நினைத்தேன். பிறகு பள்ளிக்கூடத்தில் படிப்பிக்கப் போய்விட்டேன். இப்போது வாசித்தால் அவன் திட்டுவது என்னைத்தான்!

கேள்வி: ஒரு மனிதர் சாலிஞ்சரைப்போல் உலகத்தை விட்டு ஒதுங்கி வாழ முடியுமா?
– வாசகர், அக்கரைப்பற்று

பதில்: அமெரிக்காவின் நியூ ஹாம்ஷயர் மாநிலத்தில் கோர்னிஷ் என்ற சிற்றூரில் 1953 முதல் இருந்தார். அவரைத் தேடி வருகிறவர்களுக்கு ஊரார் வேண்டுமென்றே பிழையான வழி காட்டுவார்களாம். எங்கள் ஊரான கல்லடியில் அது நடக்காது. பாலத்தடியில் என் பெயரைச் சொல்லிப் பாருங்கள். படலைவரை கொண்டுவந்து விட்டு, தேநீரும் குடித்துவிட்டுத்தான் போவார்கள்.

அவர் எழுத்தை நிறுத்தவில்லை, தமக்காக எழுதினார். வெளியிடாமல் இருப்பதில் அருமையான அமைதி இருக்கிறது என்று 1974இல் ஒரு நிருபரிடம் தொலைபேசியில் சொன்னார். எனக்கோ ஒரு வாரம் பிந்தினாலே பத்திரிகையிலிருந்து அழைப்பு வந்துவிடுகிறது.