வாசகர் கேள்வி – பதில்: தகப்பன் ஒன்று, பட்டி வேறு

கேள்வி: ஒரே பசு ஈன்ற மூன்று காளைக்கன்றுகளை வளர்த்து விற்றோம். மூன்றின் இறைச்சியும் மென்மையாக இருந்ததாக வாங்கியவர் சொன்னார். இது பரம்பரையா? – வாசகர், தலவாக்கலை

பதில்: பரம்பரைக்குப் பங்கு உண்டு. ஆனால் இந்த மூன்றை வைத்து அதைச் சொல்ல முடியாது. தாய் ஒன்று என்றால் பட்டியும் ஒன்று, புல்லும் புண்ணாக்கும் ஒன்று. மென்மை பிறப்பால் வந்ததா, வளர்ப்பால் வந்ததா என்று பிரித்தெடுக்க வழியில்லை.

அதனால்தான் ஆய்வாளர்கள் தகப்பன் வழியைப் பிடிக்கிறார்கள். ஊசி மூலம் சினைப்படுத்துவதால் ஒரே காளையின் கன்றுகள் கொட்டகலையிலும் இருக்கும், ராகலையிலும் இருக்கும். தாய் வேறான இந்தச் சகோதரங்கள் சராசரியாகக் கால் பங்கு பரம்பரையலகுகளைப் பகிர்கின்றன. வெவ்வேறு பட்டிகளில் வளர்ந்தும் அவற்றின் இறைச்சி ஒத்திருந்தால் அது தகப்பன் கொடுத்தது. அவற்றுக்கிடையிலான ஒட்டுறவு (ஒத்திருக்கும் அளவு) 0.075 என்று வந்தால், பகிர்வது கால் பங்கே என்பதால் நான்கால் பெருக்குங்கள்: பாரம்பரியத் திறன், அதாவது மாட்டுக்கு மாடு உள்ள வேறுபாட்டில் பிறப்பால் வரும் பங்கு, 0.3. மென்மைக்கு இது நம்பத்தக்க அளவுதான். தசைக்குள் படியும் கொழுப்புக்குப் பொதுவாக இன்னும் கூடுதலாக வரும்.

எத்தனை கன்று வேண்டும்? 0.3 என்று கொண்டால், 5 கன்றுகளை வைத்து ஒரு காளையை மதிப்பிடும் துல்லியம் 0.54 (1 என்றால் முழுத் துல்லியம்). 20 என்றால் 0.79, 50 என்றால் 0.90. இருபதை எட்டிய பிறகு அந்தக் காளைக்கே செலவழிப்பதைவிட இன்னொரு காளையின் கன்றுகளைச் சேர்ப்பது நல்லது.

கேள்வி: மென்மையை எப்படி அளக்கிறார்கள்?

பதில்: முதுகுத் தசையில் ஒரு துண்டை, எல்லா மாட்டுக்கும் ஒரே இடத்தில், ஒரே நாள்கணக்கில் குளிரில் பதப்படுத்தி எடுப்பார்கள். உள்வெப்பம் 71 பாகை செல்சியஸ் வரும்வரை சுட்டு, ஆறவிட்டு, நார் ஓடும் திசையிலேயே 1.27 செ.மீ. விட்டமுள்ள உருளைகளாக ஆறேனும் குடைந்தெடுப்பார்கள். நாருக்குக் குறுக்கே வெட்ட எவ்வளவு விசை தேவை என்பதே அளவு. உருளை சாய்ந்து வந்தால் அளவு பிழைக்கும்.

பெரிய பிழை லொறியிலேயே தொடங்கிவிடும். மலைப்பாதையில் மிரண்டு களைத்த மாட்டின் தசையில் சர்க்கரைச் சேமிப்பு தீர்ந்துவிடும். அறுத்த பின் அமிலம் போதிய அளவு ஊறாது. அமிலம் ஊற ஊறக் குறையும் பி.எச். அளவு 24 மணி நேரத்தில் சுமார் 5.5க்கு இறங்க வேண்டியது 6க்கு மேலேயே நிற்கும், இறைச்சி கறுக்கும். அந்த மாட்டின் அளவைப் பரம்பரைக் கணக்கில் சேர்க்கக் கூடாது.

கேள்வி: டி.என்.ஏ. சோதனைக்கு நாங்கள் என்ன கொடுக்க வேண்டும்?

பதில்: வால்குஞ்ச மயிர் 20, 30 போதும். கத்தரிக்காமல் பிடுங்குங்கள், நுனியில் வெள்ளையாகத் தெரியும் வேர்தான் தேவை. காகித உறையில் போடுங்கள், பொலித்தீனில் ஈரம் கோத்துப் பூஞ்சை பிடிக்கும்.

சோதனை முதலில் காட்டிக்கொடுப்பது பிழையான தகப்பனைத்தான். டி.என்.ஏ.யில் சோதிக்கும் ஓரிடத்தில் காளைக்கு ஏ.ஏ., கன்றுக்கு பி.பி. என்று வரவே முடியாது, இரண்டு எழுத்தில் ஒன்று தகப்பனிடமிருந்தே வர வேண்டும். ஓரிடத்தில் வந்தால் ஆய்வுகூடத் தவறாகலாம். பல இடங்களில் வந்தால் தகப்பன் வேறு. ஊசி பிடிக்காமல் 21 நாளில் பசு மறுபடி பருவத்துக்கு வந்து கத்தியிருக்கும், பக்கத்துக் காளை ஏறியிருக்கும், ஊசிப் பதிவு அட்டையில் மட்டும் பழைய காளையின் இலக்கமே நிற்கும். ஊசி போட்ட நாளிலிருந்து சுமார் 280 நாளில் ஈன வேண்டியது 300ஐத் தாண்டினால் இதைச் சந்தேகியுங்கள். விந்துக் குழாயிலேயே காளையின் இலக்கம் அச்சிட்டிருக்கும். ஊசி போட்டவர் அதை எறிய விடாமல் வாங்கிக் கழுவி, அன்றைய தேதியோடு அட்டையில் ஒட்டிவையுங்கள்.