பூவே தீவுல ஏன் யாருமே குடியிருக்கல, அது எந்த நாட்டுக்குச் சொந்தம்?

சொந்தம் நார்வேக்கு, ஆனா இருக்கறது தெற்கு அட்லாண்டிக்ல, கிட்டத்தட்ட அண்டார்டிகா பக்கம், அதுவே ஏறக்குறைய 1700 கி.மீ. தள்ளித்தான். மொத்தமே 49 சதுர கி.மீ. இருக்கற எரிமலைத் தீவு, அதுல 90 சதவீதத்துக்கும் மேல பனிப்பாறை, சுத்தி செங்குத்துப் பாறை, துறைமுகம் கிடையாது, அலை ஓயாம அடிக்கும், இதுல எங்க குடியிருக்கறது!

1739 ஜனவரி 1ல பூவேங்கற பிரெஞ்சு மாலுமி முதல்ல பார்த்தாரு, ஆனா குறிச்ச இடம் தப்பாப் போயி, பின்னாடி ஜேம்ஸ் குக் தேடியும் கிடைக்கல. 1927ல நார்வேக்காரங்க இறங்கி கொடி நட்டு தங்களுதுன்னு சொல்லிட்டாங்க.

எனக்கு மண்டைய குடையற விஷயம் வேற. 1964ல அங்க இறங்குனவங்க ஒரு சின்ன குளத்துல படகு ஒண்ண பார்த்தாங்க. பக்கத்துல துடுப்பு கிடந்துச்சு, படகுல பேரோ அடையாளமோ எதுவும் இல்ல, ஆளும் இல்ல. யார் வந்தாங்கன்னு உறுதியா நிரூபணம் ஆகல.

இப்ப அது இயற்கைப் பாதுகாப்புப் பகுதி. பென்குயின், சீல் எல்லாம் இருக்கு, ஆராய்ச்சிக்காரங்க எப்பவாவது வந்து தங்குவாங்க, 1996ல வச்ச ஆராய்ச்சி நிலையத்தையே புயல் அடிச்சுட்டுப் போயிருச்சு, 2014ல புதுசா வச்சாங்க.