கொலராடோவில் மான் வேட்டைக்கு 7 மி.மீ. ரெமிங்டன் மேக்னம் வாங்கியிருக்கிறேன். எந்தத் தோட்டா, என்னென்ன உபகரணங்கள் வாங்கலாம்?

இந்தக் கேள்வியைப் பார்த்துவிட்டுப் பதில் எழுதாமல் போக மனம் வரவில்லை. இதே துப்பாக்கி, இதே மாநிலம், இதே கேள்வியோடு சில வருடங்களுக்கு முன் நானும் ஒரு கடையில் நின்றிருக்கிறேன். அன்று எனக்குக் கிடைத்த ஆலோசனை தவறானது. அதனால் பாதிக்கப்பட்டது நான்கூட இல்லை, என் பக்கத்து வீட்டுப் பெரியவர்.

முதலில் ஒரு விஷயம். நீங்கள் ஹெச்1பி விசாவில் இருப்பவர் என்று எடுத்துக்கொள்கிறேன், இங்கே கேட்பவர்கள் பெரும்பாலும் அப்படித்தான். தற்காலிக விசாவில் இருப்பவர்கள் துப்பாக்கி வைத்திருக்க அமெரிக்கக் கூட்டரசுச் சட்டத்தில் தடை உண்டு. செல்லுபடியாகும் வேட்டை உரிமம் இருந்தால் விதிவிலக்கு. உரிமம் காலாவதியானால் விதிவிலக்கும் போய்விடும். ஒரு வழக்கறிஞரிடம் கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள். 1949 ஜனவரி 1 அன்றோ அதற்குப் பிறகோ பிறந்தவர்களுக்கு வேட்டைப் பயிற்சிச் சான்று இல்லாமல் கொலராடோவில் உரிமமே கிடையாது. நான் கிரீன் கார்டு வந்த பிறகுதான் துப்பாக்கியைத் தொட்டேன்.

சரி, தோட்டாவுக்கு வருவோம். 7 மி.மீ. ரெமிங்டன் மேக்னம் என்பது தோட்டாவின் பெயர், 1962இல் ரெமிங்டன் நிறுவனம் 700 மாடல் துப்பாக்கியோடு இதைக் கொண்டுவந்தது. பெரிய கூடு, நிறைய மருந்து, குண்டு வேகமாகப் போகும், தொலைவில் குறைவாக இறங்கும். கடையில் எல்லோரும் பேசுவது இந்த வேகத்தைப் பற்றித்தான். அதே வேகம் மான் பக்கத்தில் நிற்கும்போது என்ன செய்யும் என்று எனக்கு யாரும் சொல்லவில்லை.

கடைக்காரர் கொடுத்தது 140 கிரெயின் (குண்டின் எடையைச் சொல்லும் அளவு, சுமார் 9 கிராம்) எடையில், நுனியில் பிளாஸ்டிக் வைத்த, சட்டென்று விரியும் மெல்லிய உறைக் குண்டு. "மேற்கே எல்லாமே தூரத்திலிருந்து சுடுவதுதான், இதுதான் நேராகப் போகும்" என்றார். அந்த அக்டோபர் கடைசியில் மீக்கர் ஊருக்கு மேலே சேஜ் புதர்க்காட்டில் விடியற்காலையில் பெரியவரோடு உட்கார்ந்திருந்தேன். மான் வந்தது எழுபது கஜத்தில். மியூல் டீர், பெரிய காதை இரண்டு பக்கமும் திருப்பிக்கொண்டு குறுக்காக நின்றது. தோள்பட்டைக்குப் பின்னால் குறிவைத்தேன். பதற்றத்தில் விசையை வெடுக்கென்று இழுத்ததில் குண்டு தோள் மூட்டிலேயே பட்டது. மான் நின்ற இடத்திலேயே விழுந்தது. எனக்குக் கைகால் நடுங்கியது, சந்தோஷம் என்றே நினைத்தேன்.

தோலை உரித்ததும்தான் தெரிந்தது. குண்டு பட்ட பக்கத்து முன்னங்கால் முழுக்கக் கருஞ்சிவப்பாக, ரத்தம் கூழாக உறைந்து, தசை நார் நாராகப் பிரிந்து கிடந்தது. விரலை வைத்தால் உள்ளே போனது. விலா எலும்புக்கு நடுவே எள் அளவு ஈயத் துணுக்குகள். எதிர்ப்பக்கத்துத் தோலுக்கு அடியில் குண்டின் தாமிர உறை மட்டும் கசங்கிய காகிதம் மாதிரி இருந்தது, ஈயம் முழுக்க உள்ளேயே சிதறிவிட்டது. பெரியவர் ஒன்றும் சொல்லாமல் கத்தியால் கெட்டதை அரிந்து அரிந்து ஒதுக்கினார். ஒரு முன்னங்கால் முழுசாகவும் மற்றதில் பாதியும் போயிற்று. கறிக்காகக் கொன்ற பிராணியில் இவ்வளவை வீணாக்கினால் மனது ஆறாது. எனக்கு இன்னும் ஆறவில்லை.

என் பரிந்துரை இதுதான். ஈய உள்ளீடு உறையோடு ஒட்டப்பட்ட குண்டு, அதாவது பாண்டட் வகை என்றால், 160 கிரெயின். நோஸ்லர் அக்யூபாண்ட் போன்றவை. நடுவில் தடுப்புச் சுவர் வைத்த நோஸ்லர் பார்ட்டிஷனும் அதே எடையில் நன்றாக வேலை செய்யும். முழுத் தாமிரக் குண்டு என்றால் (பார்ன்ஸ் டிடிஎஸ்எக்ஸ் மாதிரி) 140 அல்லது 150 போதும். தாமிரம் ஈயத்தைவிட லேசு என்பதால் அதே எடைக்குக் குண்டு நீளமாகிவிடும். பழைய 7 மி.மீ. மேக்னம் குழல்களில், குண்டைச் சுழலவிடும் உள்வரிகளின் முறுக்கு ஒன்பதேகால், ஒன்பதரை அங்குலத்துக்கு ஒரு சுற்றுதான். ரொம்ப நீளமான குண்டு அதில் நிலையாகச் சுழலாது. தாமிரத்தில் ஈயத் துணுக்கு பயம் இல்லை, குழந்தைகள் சாப்பிடும் வீட்டில் அது எனக்கு முக்கியம். கலிபோர்னியாவில் 2019 ஜூலையிலிருந்து எந்த வேட்டைக்கும் ஈயமே கூடாது. கொலராடோவில் அந்தத் தடை இல்லை, இருந்தும் நான் மாறிவிட்டேன்.

160 கிரெயின் குண்டு வினாடிக்குச் சுமார் 2,950 அடி வேகத்தில் கிளம்பும். 200 கஜத்தில் ஸீரோ செய்தால், அதாவது அந்தத் தூரத்தில் குறிவைத்த இடத்திலேயே குண்டு படும்படி ஸ்கோப்பைச் சரிசெய்தால், 100 கஜத்தில் ஒன்றரை அங்குலம் மேலே, 300இல் ஆறேழு அங்குலம் கீழே. மானின் உயிர்நிலை, அதாவது இதயமும் நுரையீரலும் உள்ள இடம், ஒரு சாப்பாட்டுத் தட்டு அகலம். 250 கஜம்வரை எந்தக் கணக்கும் போடாமல் நடுவில் குறிவைக்கலாம். அதற்கு மேல் சுடுவதை முதல் இரண்டு வருடம் மறந்துவிடுங்கள். சட்டம் கேட்பது 100 கஜத்தில் 1,000 அடி-பவுண்டு ஆற்றல்தான், இந்தத் தோட்டாவில் அதைப்போல் இரண்டு மடங்குக்கும் மேல் இருக்கிறது. இன்னும் வேகம் தேடிப் போக ஒரு காரணமும் இல்லை. 140 கிரெயினில் வருடாவருடம் மான் எடுக்கிறேன் என்று சொல்பவர்கள் வருவார்கள். எடுக்கலாம், மறுக்கவில்லை. அவர்களுடைய விரல் என் விரலைவிட நிதானமானதாக இருக்கும். புதிதாகச் சுடுபவருக்குத் தவறு நடந்தாலும் தாங்கும் குண்டு வேண்டும் என்கிறேன்.

மூன்று கம்பெனித் தோட்டாக்களை ஒவ்வொரு பெட்டி வாங்கிச் சுட்டுப் பாருங்கள். ஒரு துப்பாக்கிக்குப் பிடித்தது இன்னொன்றுக்குப் பிடிக்காது. மூன்று குண்டு சுட்டதும் குழலை ஆறவிட்டு அப்புறம் சுடுங்கள்.

இப்போது உபகரணம். அந்த வெடுக்கென்ற இழுப்புக்குக் காரணம் உதைப்பு பயம், அதாவது சுடும்போது துப்பாக்கி தோளில் இடிப்பதைப் பற்றிய பயம். அதைச் சொன்னதும் கடைக்காரர் மஸில் பிரேக் மாட்டிக் கொடுத்தார். குழல் முனையில் திருகும் ஓட்டை போட்ட உருளை அது. வெடித்த வாயுவைப் பக்கவாட்டில் திருப்பிவிடும், உதைப்பு நிஜமாகவே நன்றாகக் குறையும். ஆனால் சத்தமும் பக்கவாட்டில்தான் பாயும். சுடுதளத்தில் எல்லோரும் காதை மூடியிருப்பதால் எனக்கு உறைக்கவில்லை.

அடுத்த சீசனில் பெரியவர் எனக்கு இடப்பக்கம், கைக்கெட்டும் தூரத்தில் பைனாகுலரோடு உட்கார்ந்திருந்தார். இருவர் காதிலும் ஒன்றும் இல்லை. மான் தெரிந்தது, சுட்டேன். திரும்பினால் அவர் பைனாகுலரைக் கீழே போட்டுவிட்டு வலது காதை உள்ளங்கையால் அழுத்திக்கொண்டிருந்தார். ஏதோ கேட்டேன், என் உதட்டையே பார்த்தார். மேக்னம் ரைஃபிளின் சத்தம் 160 டெசிபலைத் தாண்டும், 140க்கு மேலே ஒரே வெடிகூடக் காதைக் கெடுக்கும். பரிசோதித்த மருத்துவர் வலது காதில் போனது திரும்பாது என்று சொல்லிவிட்டார். எழுபது வயதில், எனக்கு ஒரு பைசா வாங்காமல் வேட்டை சொல்லிக்கொடுத்த மனிதர். இன்றைக்கும் போனை இடது காதில்தான் வைப்பார். ஒரு நாளும் என்னைக் குறை சொன்னதில்லை.

அதனால் பட்டியலில் முதலில் காது. மெல்லிய சத்தத்தைக் கேட்கவிட்டு வெடிச்சத்தத்தை அடைக்கும் எலக்ட்ரானிக் காதுறை இரண்டு வாங்குங்கள், உங்களுக்கு ஒன்று, கூட வருபவருக்கு ஒன்று. உதைப்புக்கு நல்ல ரப்பர் மெத்தையும் கொஞ்சம் கனமான துப்பாக்கியும் போதும். யாரையாவது உங்களுக்குத் தெரியாமல் நிஜத் தோட்டாக்களுக்கு நடுவில் போலித் தோட்டா ஒன்றைக் கலந்து தரச் சொல்லுங்கள். வெடிக்காத அந்த ஒன்றில் குழல் முனை குனிகிறதா என்று பார்த்தால் பயம் இருப்பது தெரிந்துவிடும். ஸ்கோப் 3-9 (மூன்றிலிருந்து ஒன்பது மடங்கு பெரிதாக்கிக் காட்டுவது) போதும். கண்ணிலிருந்து மூன்றரை, நான்கு அங்குலம் தள்ளி வைத்துப் பார்க்கக்கூடியதா என்று மட்டும் பாருங்கள், இல்லாவிட்டால் புருவம் கிழியும். மிச்சக் காசை 10x42 பைனாகுலரிலும் லேசர் தூரமானியிலும் போடுங்கள். தோள்வார், ஊன்றிச் சுடக் கவைக்கோல், அவ்வளவுதான். 500 சதுர அங்குலம் ஒளிரும் ஆரஞ்சு அல்லது பிங்க் மேலுடம்பிலும், அதே நிறத்தில் தொப்பியும் சட்டப்படி கட்டாயம். கேமோ (இலைதழை மாதிரி) வடிவம் போட்ட ஆரஞ்சு செல்லாது.

கேட்காத ஒன்றையும் சொல்கிறேன். கறியை வெட்டிப் பொட்டலம் போட்டுத் தரும் கடையில் கொடுக்கிறீர்கள் என்றால் கூடவே நின்று பாருங்கள். எங்கள் வீட்டில் மாட்டுக்கறி சாப்பிடுவதில்லை. கொத்துக்கறியில் மாட்டுக் கொழுப்பு சேர்க்க வேண்டாம் என்று வாயால் சொன்னேன், சீட்டிலும் எழுதிக் கொடுத்தேன். வாங்கிவந்து என் மாமியார் கோலா உருண்டை போட்டு எல்லோரும் சாப்பிட்ட பிறகு, ரசீதில் கொழுப்புக்குத் தனியாகப் போட்டிருந்த தொகை கண்ணில் பட்டது. போய்க் கேட்டால் "எல்லாருக்கும் இப்படித்தான்" என்றார்கள். மன்னிப்பு என்று ஒரு வார்த்தை வரவில்லை. மாமியாரிடம் அதைச் சொல்ல நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். இப்போது என் கராஜிலேயே மேஜை போட்டு நானே வெட்டுகிறேன்.

வேட்டையே பாவம் என்று கீழே எழுதப் போகிறவர்களுக்கு: நான் சொல்வது குலுக்கலில் உரிமம் கிடைத்து, அரசு எண்ணிக்கை வகுத்து அனுமதிக்கும் வேட்டை. இந்தியாவில் 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி மான் வேட்டை குற்றம், அது அப்படியே இருக்க வேண்டும் என்றுதான் நானும் நினைக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை கடையில் ஆட்டுக்கறி வாங்குபவர்கள் என்னைக் கொலைகாரன் என்றால் மட்டும் எனக்கு வருத்தமாக இருக்கும்.

கடைசியாக, உங்கள் துப்பாக்கியில் ஏற்கெனவே பிரேக் மாட்டியிருந்தால் கழற்றிவிட்டு, மரை கெடாமல் அதற்கான மூடியைப் போடுங்கள். பிரேக் இருந்தபோது செய்த ஸீரோ அதன் பிறகு செல்லாது, குண்டு வேறு இடத்தில் போகும். சீசனுக்கு ஒரு மாதம் முன்பே கழற்றிச் சுட்டுச் சரிபாருங்கள், முந்தின நாள் வேண்டாம்.