டனல் அப், டிராஃபிக் மட்டும் வரவில்லை

கேள்வி: லேபில் நான்கு சிஸ்கோ ரவுட்டர்களை வைத்து எம்பிஎல்எஸ் டிராஃபிக் இன்ஜினியரிங் (பாக்கெட்டில் லேபிள் ஒட்டி, நாம் சொல்லும் பாதையில் அனுப்பும் முறை) பழகுகிறேன். ஆர்1-லிருந்து ஆர்4-க்கு தானாகப் பாதை தேடும் ஓஎஸ்பிஎஃப் தேர்ந்தெடுப்பது ஆர்2 வழி. ஆர்3 வழியாகப் போகும்படி எக்ஸ்ப்ளிசிட் பாத் கொடுத்து டனல் போட்டேன். அப் என்றே காட்டுகிறது. பாக்கெட் போகும் வழியைக் காட்டும் டிரேஸ்ரூட் போட்டால் இன்னும் ஆர்2 தான் வருகிறது. எங்கே தப்பு?
– ஒரு வாசகர், கோவை

பதில்: போட்டதில் தப்பில்லை, ஒரு வரி பாக்கி இருக்கிறது. டனல் அப் என்றால், பாதையில் இடம் கேட்டு ஆர்1 அனுப்பிய ஆர்எஸ்விபி பாத் மெசேஜ் ஆர்3 வழியே ஆர்4 வரை போய்விட்டது. அங்கிருந்து ரெசர்வ் மெசேஜ் ஒவ்வொரு ரவுட்டரிலும் லேபிளைச் சொல்லிக்கொண்டே திரும்பி வந்துவிட்டது. பாதை தயார். அதில் எந்த பாக்கெட்டை ஏற்றுவது என்று ஆர்1-ன் ரூட்டிங் டேபிளுக்குத்தான் இன்னும் தெரியாது. டனல் இன்டர்ஃபேஸில் ஆட்டோரூட் அனவுன்ஸ் என்ற கட்டளையைக் கொடுங்கள். ஆர்4-ம் அதற்குப் பின்னால் உள்ள நெட்வொர்க்குகளும் டனலுக்கு மாறிவிடும். ஒரே ஒரு நெட்வொர்க்கை மட்டும் அனுப்ப வேண்டுமென்றால் டனலைக் காட்டி ஸ்டாடிக் ரூட் (நாமே கையால் எழுதும் ரூட்) போதும். பழகும்போது நான் ஸ்டாடிக்கைத்தான் முதலில் போடச் சொல்வேன். எது மாறியது என்று பளிச்செனத் தெரியும்.

அப்புறம் டிரேஸ்ரூட்டில் ஆர்3 வரியில் லேபிள் எண் வரும், ஆர்4 வரியில் வராது. பயப்படாதீர்கள். கடைசிக்கு முந்தைய ரவுட்டரே லேபிளைக் கழற்றிவிடும்.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்லியாக வேண்டும். எல்எஸ்பி, அதாவது டனலுக்காகப் போட்ட இந்த லேபிள் பாதை, ஒருவழிப் பாதை. வேலைக்குச் சேர்ந்த புதிதில், நெரிசலான லிங்க்கிலிருந்து போன் டிராஃபிக்கை மாற்ற ஒரு ராத்திரி டனல் போட்டேன். டனலின் பாக்கெட் கவுன்ட்டர் ஏறியது, நிம்மதியாக வீட்டுக்குப் போனேன். காலையில் போன். கிளை அலுவலகத்தில் குரல் தெளிவாகக் கேட்கிறது, தலைமை அலுவலகத்தில் விட்டுவிட்டுக் கேட்கிறது. மூன்று மணி நேரம் போன் கருவிகளைச் சந்தேகப்பட்டோம். கடைசியில் பார்த்தால் திரும்பி வரும் பாக்கெட்டுகள் பழைய லிங்க்கிலேயே வந்துகொண்டிருந்தன. கிளை அலுவலக முனையிலிருந்து நான் டனலே போடவில்லை. ஆகவே ஆர்4-லிருந்து ஆர்1-க்கும் தனியாக ஒன்று போடுங்கள்.

டனலில் பேண்ட்விட்த் கொடுக்கும்போது அலகு கிலோபிட். 10 மெகாபிட்டுக்கு 10000 என்று எழுத வேண்டும். அது கணக்கில் ஒதுக்கும் இடம்தான். அதற்கு மேல் வரும் டிராஃபிக்கை டனல் தானாகத் தடுக்காது. தடுக்க வேண்டுமென்றால் ஆர்1-ல் டிராஃபிக் நுழையும் இன்டர்ஃபேஸில் தனியாக போலீசிங் (அளவுக்கு மேல் வருவதை வெட்டும் ஏற்பாடு) போட வேண்டும்.